மணிக்கூண்டைச் சுற்றி ஒரு நடை



ஈப்போ பழைய நகரின் மணிக்கூண்டை வண்டியில் இருந்தவாறே பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். கூண்டு தெரியும், அதன் கதை தெரியாது. அதன் பக்கங்களில் மனித நாகரிகத்தை வளர்த்தவர்களாக 44 உருவங்கள் தீட்டப்பட்டன. மோசஸ், புத்தர், ஷேக்ஸ்பியர், டார்வின் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். நபிகள் நாயகத்தைக் குறித்த உருவம், இசுலாமிய நெறிக்கு மதிப்பளித்துப் பின்னாளில் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. இவற்றையெல்லாம் காண, கூண்டைக் காலால் நடந்து சுற்றத்தான் வேண்டும்.

பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டான ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச்சின் நினைவாக 1909இல் எழுந்தது இக்கூண்டு. மலாய்த் தலைவர்களின் வரி உரிமையிலும் பழைய வழக்கங்களிலும் அவசரமாகக் கைவைத்த அவர், 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் ஆற்றோரக் குளிப்பறையில் குத்திக் கொல்லப்பட்டார். அதற்காக டத்தோ மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் 1877 சனவரியில் தூக்கிலிடப்பட்டனர். கூண்டு எழுந்தபோது ரெசிடெண்டாக இருந்தவர் பர்ச்சின் மகன் எர்னஸ்ட் பர்ச். மூலைகளில் நிற்கும் நான்கு சிலைகளும் விசுவாசம், நீதி, பொறுமை, மனவுறுதி ஆகிய ஆட்சிக் குணங்களைக் குறிப்பனவாம். பொறுமை யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது!

விடுதலைக்குப் பின் கூண்டை எவரும் இடிக்கவில்லை. மாறாக, பக்கத்துச் சாலைகள் டத்தோ சாகோர், டத்தோ மகாராஜா லேலா என்ற பெயர்களைப் பெற்றன. கொல்லப்பட்டவரின் நினைவுச் சின்னத்தை அடைய, தூக்கிலிடப்பட்டவரின் பெயர் தாங்கிய சாலையில் நடக்கிறோம். இவ்வளவு நேர்மையான வரலாற்றுப் பாடம் நம் புத்தகங்களில்கூட இல்லை.

தோட்டப்பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றோம். சாலையைக் கடப்பதற்குள் நமக்கு வியர்த்துவிட்டது. உருவங்களை எண்ணியபோது ஆளுக்கொரு கணக்கு வந்தது. ஒரு மாணவி மட்டும் எண்ணாமல் நின்றாள்.

"மரஞ்சீவுறவங்க படம் எங்க சார்?" என்றாள்.

அவள் பாட்டி பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டமும் லயமும் இன்றில்லை. அங்கே வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது.

இலண்டனில் டிரபால்கர் சதுக்கத்தின் வடபுறச் சாலையை 2003இல் வண்டிகளுக்கு மூடி, ஓவியக் கூடத்திலிருந்து சதுக்கத்துக்குப் படிகள் அமைத்தார்கள். நெல்சன் தூண் அப்படியே நின்றது. நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்த நான்காம் பீடத்தில் புதுப்புதுக் கலைப்படைப்புகளை மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

ஈப்போவிலும் அவ்வாறு செய்யலாம் என்பது நம் கருத்து. கூண்டின் முற்றத்தை இன்னும் விரித்து, இரயில் நிலையத்திலிருந்து நிழல்மரங்களின் கீழே நடந்துவர வழி செய்யட்டும். உருவங்களை மறைக்கும்படி பந்தலோ விளம்பரப் பலகையோ கூடாது. பழைய ஓவியத்தின்மேல் புதுச்சாயம் அடிக்கும் ஆர்வத்தையும் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். கூண்டில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. கீழே, நடைபாதைக் கல்லிலேயே, உளியும் வாளியும் ஏந்திய ஒரு பெண்ணுருவம் செதுக்க இடமிருக்கிறது.