ரேச்சல் ரூபன்

கொசுவால் பரவும் நோய்களை ஆராய்ந்த இந்தியப் பூச்சியியலாளர். திருவெண்ணெய்நல்லூருக்கு மேற்கே, திருக்கோவிலூர் வட்டாரச் சிற்றூர்களில் 1990-களில் இவர் முன்னின்று நடத்திய யானைக்கால் நோய்த் தடுப்பு ஆய்வு உலக அளவில் பேசப்படுகிறது; உள்ளூரில்தான் அதிகம் தெரியாது.

வேலூர்ப் பக்கம் 1955-இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்டறியப்பட்ட பின் அப்பகுதி அடங்கிய வட ஆற்காடு மாவட்டத்துக் கொசுக்கள் ஆய்வாளர்களின் கண்ணில் பட்டன. வட ஆற்காட்டுக் கொசுக்கள் குறித்து ரேச்சல் எழுதிய தொடர் கட்டுரைகள் 1971-இல் வெளிவந்தன. பிறகு தில்லியில், உலக சுகாதார நிறுவன ஆதரவில் இயங்கிய மரபியல் வழிக் கொசுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஏடிஸ் கொசுக்களை ஆராய்ந்தார். அதன் பணி குறித்து நாடாளுமன்றம் வரை போன சர்ச்சையில் அந்தப் பிரிவு 1975-இல் மூடப்பட்டது.

மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் 1985-இல் தொடங்கியதும் அதன் தலைமைப் பொறுப்பு இவருக்கு வந்தது. வேப்பம்புண்ணாக்கு கலந்த யூரியாவை நெல்வயலில் இட்டால் கொசுப்புழு குறையுமா என்று அங்கே சோதித்தார்கள். உழவர் எப்படியும் வாங்கும் உரத்தையே மருந்தாக்கும் யோசனை அது.

யானைக்காலுக்குக் காரணமான வுச்சரேரியா புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்தத்தில் மிகுதியாக நடமாடும். அதனால் பரிசோதனைக்காரர்கள் ஊர் அடங்கும் நேரத்தில் வீடு வீடாகப் போய் விரல்நுனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அந்தக் குஞ்சுகளை உறிஞ்சி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அடுத்தவருக்குக் கடத்தத் தயாராகிவிடும்.

திருக்கோவிலூர் ஆய்வில் ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி., ஐவர்மெக்டின் மாத்திரைகள் தரப்பட்டன. சில ஊர்களில் கூடவே கொசு ஒழிப்பும் நடந்தது. கழிவுநீர்க் குழிகளில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். மிதக்கும் அந்தப் படலத்தின் மேல் கொசு முட்டையிட முடியாது. அடியில் உள்ள புழுக்களுக்கு மூச்சு விட வழியில்லை. கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டார்கள். மணிகள் நெடுங்காலம் தாங்கும், ஆனால் மழையில் குழி நிரம்பி வழிந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். குழியின் விளிம்பை மேடாகக் கட்டும் அக்கறை இல்லாத ஊரில் இது எடுபடாது.

ரேச்சலை முதல் ஆசிரியராகக் கொண்ட இந்த ஆய்வின் அறிக்கை 2001-இல் வெளிவந்தது. மாத்திரை மட்டும் தந்த ஊர்களில், அதை நிறுத்தியபின் தொற்று மீண்டும் தலைதூக்கியது. மாத்திரையும் கொசு ஒழிப்பும் சேர்ந்த ஊர்களில் பலன் நீடித்தது. மதுரை மையத்தினர் ஆய்வைத் தொடர்ந்து, 2007-இல் உலக சுகாதார நிறுவன இதழில் இதையே உறுதிப்படுத்தினர். அதற்குள், 2004 முதல், நாடெங்கும் நோயுள்ள மாவட்டங்களில் மாத்திரை வழங்கும் திட்டம் நடப்புக்கு வந்திருந்தது. குழிகளின் பக்கம் அதே முனைப்பு போகவில்லை.