கரியில் ஓடிய மதுரை பஸ்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் தினமும் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து மதுரை டிரைவர்களுக்கு இது மட்டும் போதாது!

போரினால் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. 1911ல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனம், வண்டியில் பொருத்தும் கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தது. குறைந்த காற்றில் மரக்கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். அதுதான் என்ஜினை ஓட்டியது.

சாம்பலை அள்ளி, ஃபில்டரைச் சுத்தம் செய்யாவிட்டால் தூசி சிலிண்டருக்குள் போய் என்ஜினைத் தேய்த்துவிடும். குழாயில் கசிவிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, ஆளையே கொன்றுவிடும். இத்தனை பாடுபட்டாலும் பெட்ரோலில் கிடைக்கும் இழுவை கிடைக்காது.

போருக்குப் பின் பெட்ரோல் தாராளமாகக் கிடைக்க, கரி அடுப்புகள் மறைந்தன. ஆனால் அன்று உயிரைக் காத்த பழக்கம்தான் இன்றும் பழைய வண்டிகளைக் காக்கிறது: கிளப்பும் முன் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது.