அயர்லாந்துப் பெரும் பஞ்சம்

அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மடிந்தனர். அதற்குக் குறையாத எண்ணிக்கையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். உருளைக்கிழங்கைத் தாக்கிய பின்கருகல் நோயே காரணம் என்பது வழக்கமான விளக்கம். ஆனால் அதே நோய் அதே ஆண்டுகளில் பெல்ஜியத்தையும் நெதர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் தாக்கியது. அங்கும் மக்கள் துன்புற்றார்கள் என்றாலும் இந்த அளவுக்குச் சாவு விழவில்லை. நோய் வருமுன்பே அயர்லாந்தில் வேரூன்றியிருந்த வறுமைதான் வேறுபாடு.

நிலத்தின் பெரும்பகுதி நிலக்கிழார்கள் கையில் இருந்தது. அவர்களில் பலர் இங்கிலாந்திலேயே வாழ்ந்தார்கள். குத்தகை நிலம் தலைமுறைதோறும் துண்டுபட்டுக்கொண்டே வந்தது. அடித்தட்டில் இருந்த கூலியாட்கள் கையில் காசு புழங்கியதே அரிது. ஒரு துண்டு நிலத்தில் கிழங்கு பயிரிட்டுக்கொள்ளும் உரிமைக்காக உழைத்தார்கள். அந்த உழைப்பே வாடகையாகக் கழிந்தது. மட்டமான மண்ணிலும் அதிகம் விளையும் ‘லம்பர்’ என்ற ஒரே ரகத்தை நம்பி, மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வாழ்ந்தார்கள். அடுத்த அறுவடை வரை கிழங்கு கெடாமல் தாங்காது என்பதால், நல்ல ஆண்டிலும் கோடை மாதங்கள் அரைப்பட்டினிதான். குத்தகையாளர் வளர்த்த தானியமும் பன்றியும் வெண்ணெயும் குத்தகைப் பணத்துக்காக விற்கப்பட்டன.

எனவே 1846இல் விளைச்சல் அடியோடு பொய்த்தபோது, சந்தையில் உணவு இருந்தும் வாங்க வழியில்லை. துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது.

நோய் தாக்கிய முதல் ஆண்டிலேயே பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீல் அமெரிக்க மக்காச்சோளத்தை வரவழைத்தார். அடுத்து வந்த ஜான் ரஸ்ஸல் அரசு, சாலை போடும் வேலைக்கு ஆள் எடுத்தது. 1847 மார்ச்சில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த வேலையில் இருந்தனர். கூலி விலைவாசிக்கு எட்டவில்லை. பிறகு திறந்த கஞ்சித்தொட்டிகளே உண்மையில் பலன் தந்தவை. 1847 ஜூலையில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் அங்கே உண்டார்கள். சில மாதங்களிலேயே அவை மூடப்பட்டன. கருவூலத்திலிருந்து நிவாரணச் செலவை இறுக்கிப்பிடித்த சார்லஸ் ட்ரெவெல்யன், பின்னாளில் 1859-60இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர்.

அதன்பின் முழுச்சுமையும் அயர்லாந்தின் உள்ளூர் வரியின்மேல் ஏற்றப்பட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்போருக்கு உதவி கிடையாது என்று 1847ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. உதவிக்காக நிலத்தைக் கைவிட்டவர்கள் அதைத் திரும்பப் பெறவில்லை. வரிச்சுமைக்கு அஞ்சிய நிலக்கிழார்களும் குடிகளை வெளியேற்றிக் குடிசைகளை இடித்தனர். வீடிழந்தோர் நெரிசலாக அடைந்த ஏழையர் இல்லங்களில் டைஃபஸ் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பரவின. இறந்தோரில் பெரும்பாலோரைக் கொன்றது நேரடியாகப் பட்டினி அல்ல, இந்நோய்கள்தாம். கனடாவுக்குக் கப்பலேறிய பலரும் வழியிலோ, கியூபெக் அருகேயுள்ள குரோஸ் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமிலோ இறந்தார்கள்.

1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 66 லட்சமானது. பஞ்சம் ஓய்ந்த பிறகும் சரிவு நிற்கவில்லை. 1911இல் 44 லட்சமே. தீவு முழுவதையும் சேர்த்தாலும் 1841ஆம் ஆண்டு எண்ணிக்கையை இன்றும் எட்டவில்லை. நிலத்தைத் துண்டாடும் வழக்கம் மங்கி, ஒரு பிள்ளைக்கு மட்டுமே பண்ணை என்றானது. மற்றவர்கள் கப்பலேறினார்கள், அல்லது மணமாகாமலே வாழ்ந்தார்கள். பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மேற்குப் பகுதிகளே ஐரிஷ் மொழி பேசுவோர் செறிந்திருந்தவை. முன்பே தொடங்கியிருந்த அம்மொழியின் தேய்வு விரைந்தது.

வெளியேற்றத்தின் வடு அரசியலிலும் தங்கியது. மேயோ மாவட்டத்தில் குடியிருந்த நிலத்திலிருந்து சிறுவயதில் குடும்பத்தோடு துரத்தப்பட்ட மைக்கேல் டேவிட், 1879இல் குத்தகையாளர் உரிமைக்கான நிலச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். குத்தகையாளர்கள் அரசுக் கடனில் நிலத்தை விலைக்கு வாங்க 1903ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவில் வழிசெய்தது.