சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருது

சிறந்த தமிழ்த் திரைப்படத்துக்கான தேசிய விருது என்பது இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட பிரிவு. 1954-ஆம் ஆண்டின் படங்களிலிருந்து இது வழங்கப்படுகிறது. தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் வெள்ளித் தாமரைப் பதக்கமும் சான்றிதழும் பணமுடிப்பும் உண்டு. இந்தியாவின் எல்லா மொழிப் படங்களோடும் போட்டியிட்டுப் பெறும் மிக உயர்ந்த விருது தங்கத் தாமரை. சிறந்த திரைப்படத்துக்கான தங்கத் தாமரையை இதுவரை மூன்று தமிழ்ப் படங்கள் வென்றுள்ளன.

தோற்றம்

எஸ். கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, நல்ல படங்களை அரசே பாராட்ட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1953-இன் படங்களுக்கான முதல் விருதுகள் 1954 அக்டோபர் 10 அன்று வழங்கப்பட்டன. அப்போது அவற்றுக்கு ‘அரசு விருதுகள்’ என்று பெயர். பி. கே. ஆத்ரேயின் மராத்திப் படமான ‘ஷ்யாம்ச்சி ஆயி’ குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. பிமல் ராயின் இந்திப் படமான ‘தோ பீகா ஜமீன்’ தகுதிச் சான்றிதழ் பெற்றது. அதே படம்தான் அந்த ஆண்டு பம்பாயில் தொடங்கிய ஃபிலிம்ஃபேர் விருதுகளில் முதல் சிறந்த படமாகத் தேர்வானது. சிறந்த ஆவணப் படத்துக்கான தங்கப் பதக்கம் தமிழ் மண்ணின் கற்கோயில்களைக் காட்டிய ‘மகாபலிபுரம்’ படத்துக்குக் கிடைத்தது.

  தமிழ்ப் படத்துக்கென்று தனி விருது பிறந்தது 1954-ஆம் ஆண்டின் படங்களுக்குத்தான். கோயம்புத்தூர் பட்சிராஜா நிறுவனத்தார் எடுத்து, எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய ‘மலைக்கள்ளன்’ குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். நாமக்கல் கவிஞர் எழுதிய நாவலுக்கு மு. கருணாநிதி வசனம் எழுத, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். ‘அந்த நாள்’, ‘எதிர்பாராதது’ ஆகிய படங்கள் சான்றிதழ் பெற்றன. தொடக்க காலத்தில் தங்கப் பதக்கம், வெள்ளிப் பதக்கம் என்று வழங்கியவை பின்னர் தங்கத் தாமரை, வெள்ளித் தாமரை ஆயின.

தேர்வு முறை

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தணிக்கைச் சான்று பெற்ற படங்களே அந்த ஆண்டின் போட்டிக்கு வரும். அறிவிப்பும் விழாவும் பின்னர் நடப்பதால், விருதுக்குரிய ஆண்டும் விருது வழங்கிய ஆண்டும் வேறுபடும். நடுவர் தேர்வு இரண்டு கட்டமாக நடக்கிறது. தமிழும் மலையாளமும் ஒரே மண்டலக் குழுவின் பார்வைக்குச் செல்கின்றன. அங்கிருந்து மேலேறும் படங்களை மத்தியக் குழு பார்த்து முடிவு செய்கிறது. தகுதியான படம் இல்லை என்று கருதினால் நடுவர்கள் விருதை நிறுத்திவைக்கவும் செய்வார்கள். 1973 முதல் திரைப்பட விழாக்கள் இயக்ககம் கவனித்துவந்த இப்பணி, 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. 70-ஆவது விருதுகளிலிருந்து தங்கத் தாமரைக்கு 3 லட்சம், வெள்ளித் தாமரைக்கு 2 லட்சம் ரூபாய் பணமுடிப்பு அளிக்கப்படுகிறது.

எழுத்தும் திரையும்

விருதுப் பட்டியலை வரிசையாகப் படித்தால் ஒன்று துலங்கும்: தமிழ் எழுத்தை நம்பிய படங்களுக்கு அதில் பெரிய இடம் உண்டு. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’, ராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’, கோமல் சுவாமிநாதனின் நாடகமான ‘தண்ணீர் தண்ணீர்’, ஜெயகாந்தனின் ‘ஊருக்கு நூறு பேர்’ ஆகியவை அவ்வழியில் வந்தவை. ‘விசாரணை’ (2015), கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தம் காவல்நிலைய அனுபவத்தை வைத்து எழுதிய ‘லாக்கப்’ நாவலிலிருந்து உருவானது. ‘அசுரன்’ (2019) பூமணியின் ‘வெக்கை’யிலிருந்து வந்தது. அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகியோரின் கதைகளை வசந்த் எஸ். சாய் ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ (2020) படத்தில் கோத்தார். கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ 1960-இல் பெற்ற சிறப்பை அவருடைய ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் 2022-இல் மீண்டும் பெற்றது.

கும்பகோணத்தில் வளர்ந்த எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதிக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. காரைக்காலுக்கு அருகே கீழ்வெண்மணியில் 1968-இல் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையை அடியொற்றி அவர் எழுதிய ‘குருதிப்புனல்’, ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்ற படமாயிற்று. அதன் இயக்குநர் ஸ்ரீதர் ராஜனுக்கு 30-ஆவது விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநருக்கான விருது கிடைத்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ கதையைக் கே. எஸ். சேதுமாதவன் ‘மறுபக்கம்’ என்று படமாக்கினார். 1990-ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான தங்கத் தாமரையைப் பெற்ற அதுவே அவ்விருதை வென்ற முதல் தமிழ்ப் படம். பட்டு நெசவாளியின் வாழ்வைச் சொன்ன பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ (2007), சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’ (2020) ஆகியவை அடுத்து வந்தவை.

குறிப்பிடத்தக்க படங்கள்

ஜான் ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) எடுத்த எடுப்பிலேயே எதிர்ப்பைச் சந்தித்தது. தாயை இழந்த கழுதைக் குட்டியொன்றைத் தம் வீட்டில் சேர்த்துக்கொள்ளும் பேராசிரியராக இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் நடித்தார். அந்தக் குட்டியால் ஊரின் ஆசாரமும் அச்சமும் வெளிச்சத்துக்கு வருகின்றன. வெகுசிலரே திரையரங்கில் பார்த்த அந்தப் படம் இன்றும் பேசப்படுவதற்கு விருது தந்த அடையாளமும் ஒரு காரணம்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1987) நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி சென்னையில் வீடு கட்டப் படும் பாடு. சிமெண்ட் மூட்டை, ஒப்பந்தக்காரர், அனுமதி, லஞ்சம் என்று ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு தடை. சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பிய சுவர்களைக் குடையோடு தனியே வந்து பார்க்கும் காட்சி தமிழ்த் திரையின் உச்சங்களில் ஒன்று. கட்டி முடியுமுன்பே மனத்துக்குள் அவர் குடியேறிவிடுகிறார். பெரிதாக ஒன்றும் நடக்காத அந்தச் சில நிமிடங்களில்தான் படத்தின் முழு வலியும் இருக்கிறது. அர்ச்சனா இப்படத்துக்காகச் சிறந்த நடிகை விருது பெற்றார்.

எம். மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2021) படத்தில் குலதெய்வத்துக்குப் படைக்க ஒரு மரக்கால் நெல் விளைவிக்கப் பெரியவர் மாயாண்டி வயலில் இறங்குகிறார். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக அவர் மீது வழக்கு வருகிறது. சிறையிலிருந்தும் அவர் கவலைப்படுவது பயிருக்காகத்தான். உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் நல்லாண்டி அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்தார். படம் வெளியாகுமுன்பே அவர் மறைந்தார். நடுவர் குழு அவருக்குச் சிறப்புக் குறிப்பு அளித்தது. காவிரியின் கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊர்களுக்கு மாயாண்டி அந்நியர் அல்லர்.

2023-ஆம் ஆண்டுக்கான விருதை ராம்குமார் பாலகிருஷ்ணனின் ‘பார்க்கிங்’ பெற்றது.

புதுச்சேரியின் விருது

தமிழ்ப் படத்தைப் பாராட்டும் மற்றோர் அரசு, புதுச்சேரி அரசு. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் காலமானார். அவர் பெயரில் சிறந்த தமிழ்ப் படத்துக்குப் புதுச்சேரி அரசு விருது வழங்கி, இந்தியத் திரைப்பட விழாவில் அப்படத்தைத் திரையிடுகிறது.

மதிப்பீடு

வசூலில் வென்ற படங்களை மக்கள் தாமே நினைவில் வைத்துக்கொள்வார்கள். வசூலில் தோற்ற நல்ல படத்துக்கு ஆண்டும் பெயரும் தந்து வரலாற்றில் நிறுத்துவது இந்த விருது. ஆனால் பதக்கம் மட்டும் படத்தைக் காப்பாற்றிவிடாது. ‘வீடு’ உள்ளிட்ட தம் படங்களின் மூலப் பிரதிகள் அழிந்துபோனதைப் பாலு மகேந்திரா வருத்தத்தோடு சொன்னார். தமிழ்ப் படங்களுக்கு ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014-இல் மறையும்வரை கேட்டுவந்தார். விருது பெற்ற ஒவ்வொரு தமிழ்ப் படத்தின் நல்ல பிரதியும் அடுத்த தலைமுறையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். வெள்ளித் தாமரைக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.