அறிவை அளந்த கோல்கள்

மூன்று வயதுக் குழந்தை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டால், நம்மவர் உடனே சாதகத்தைத் தேடி எடுக்கின்றனர். புதன் உச்சத்தில் இருக்கிறானென்று சோதிடர் கூறியதும் உள்ளம் பூரிக்கின்றனர். பட்டணத்துப் படித்த பெற்றோரோ சோதிடரை விடுத்து உளநூல் வல்லாரிடஞ் சென்று, இக்குழந்தையின் அறிவுக்கு எத்தனை மார்க்கு என்று வினவுகின்றனர். முன்னது மூடநம்பிக்கை, பின்னது விஞ்ஞானம். ஆயினும் விஞ்ஞானத்தையும் சோதிடத்தைப் போலவே கண்மூடி நம்புவோமாயின், அதுவும் மூடநம்பிக்கையாகவே முடியும். ஆதலின், அறிவுச் சோதனை எதற்காகப் பிறந்தது, எங்ஙனம் வழிதவறிற்று என்பதை முதற்கண் அறிந்து, பின்னர் எச்சோதனை எக்குழந்தைக்குப் பொருந்தும் என ஆராய்வதே அறிவுடைமை.

பிரெஞ்சு தேசத்தில் 1882-ம் ஆண்டு ஆரம்பக் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. ஏழைச் சிறுவரும் செல்வச் சிறுவரும் ஒருங்கே பள்ளியில் நுழைந்தனர். பாடத்தோடு ஒட்டிச் செல்ல இயலாத பிள்ளைகளை என்செய்வது என்னும் கேள்வி எழுந்தது. 1904-ம் ஆண்டு அரசாங்கம் இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதில் ஒருவராயிருந்தவர் ஆல்பிரட் பினே. அவர் முன்னாளில் மாணவர் மண்டையை அளந்து அறிவை மதிப்பிட முயன்றவர். கெட்டிக்காரன் தலைக்கும் மந்தன் தலைக்கும் உள்ள வேற்றுமை மிக அற்பமெனக் கண்டதும், அம்முறையைத் துணிந்து கைவிட்டார். தம் பெண்மக்கள் இருவர் சிந்திக்கும் விதத்தைக் கூர்ந்து கவனித்தார். 1905-ம் ஆண்டு, மருத்துவர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து, எளியதில் தொடங்கி அரியதில் முடியும் 30 சோதனைகளை வெளியிட்டார். 1908-ம் ஆண்டு அவை வயது வாரியாக வகுக்கப்பட்டன.

இங்கே ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். பினே கோல் எடுத்தது பிள்ளைகளைத் தள்ளுவதற்கன்று. உதவி வேண்டுவோரைக் கண்டு கைதூக்குவதற்கே. அறிவு பிறப்போடு முடிந்துபோன ஓர் அளவு என்று கூறுவோரை அவர் 1909-ம் ஆண்டு வெளியிட்ட நூலில் வன்மையாகக் கண்டித்தார். பயிற்சியால் அறிவு வளரும் என்பதே அவர் கொள்கை. 1911-ம் ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் மறைந்தபின் கோல் பிறர் கைக்குப் போயிற்று. 1912-ம் ஆண்டு ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உடல் வயதால் வகுக்கும் முறையைக் கூறினார். அமெரிக்கரான லூயிஸ் டெர்மன் 1916-ம் ஆண்டு ஸ்டான்போர்டு–பினே சோதனையை வெளியிட்டு, அவ்வீவை 100-ஆற் பெருக்கும் முறையை நிலைநாட்டினார். ஐந்து வயதுப் பிள்ளை எட்டு வயதுக்குரியவற்றைச் செய்தால் அதன் நுண்ணறிவு ஈவு 160 என்பது கணக்கு. 1917-ம் ஆண்டு அமெரிக்கா போரில் இறங்கியபின் ஏறத்தாழ 17 லட்சம் படைவீரர் சோதிக்கப்பட்டனர். அவ்வெண்களை வைத்துக் கொண்டு கார்ல் பிரிகாம் என்பவர் 1923-ம் ஆண்டு, ஐரோப்பியரிலேயே இன்ன இனத்தார் உயர்ந்தோர், இன்ன இனத்தார் தாழ்ந்தோர் என நூல் எழுதினார். ஆங்கிலம் அறியாதவனை அமெரிக்கப் பழக்கவழக்கங்களைக் கேட்டுவிட்டு, அவன் அறிவிலி என்பது என்ன நியாயம்? பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் நம் நாட்டு வருணக் கொடுமைக்கும் இதற்கும் உடையில்தான் வேற்றுமை. 1930-ம் ஆண்டு பிரிகாமே தம் முடிவு பிழையென ஒப்புக்கொண்டார். அத்துணை நேர்மை நம் சாதிப் புராணங்களை எழுதியோரிடம் இருந்ததில்லை!

மேதைக் குழந்தைகளின் கதையும் இத்தகையதே. டெர்மன் 1921-ம் ஆண்டு கலிபோர்னியாவில் மிகுந்த ஈவு பெற்ற பிள்ளைகளைத் தேடத் தொடங்கி, ஏறத்தாழ 1,500 பேரைத் தேர்ந்து, பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தார். அவருள் பலர் நல்வாழ்வு பெற்றனர். ஆனால் அப்போது சோதிக்கப்பட்டு, மார்க்குப் போதாதென விடப்பட்ட சிறுவர் இருவர் பிற்காலத்தில் பௌதிகத்தில் நோபெல் பரிசு பெற்றனர். 1956-ல் பெற்றவர் வில்லியம் ஷாக்லி. 1968-ல் பெற்றவர் லூயிஸ் அல்வாரெஸ். கோலுக்கு எட்டாத அறிவும் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆயின் சோதனையே வேண்டாவெனல் நம் கருத்தன்று. பொருந்தியதைத் தேர்தல் வேண்டும் என்பதே கருத்து. முதலாவது, வயது. 1937-ம் ஆண்டுத் திருத்திய ஸ்டான்போர்டு–பினே இரண்டு வயது முதற்கொண்டு சோதிக்க வல்லதாயிற்று. டேவிட் வெக்ஸ்லர் 1949-ம் ஆண்டு 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கும், 1967-ம் ஆண்டு 4 முதல் ஆறரை வயது வரையிலான மழலையர்க்கும் தனித்தனிச் சோதனை வகுத்தார். இரண்டாவது, மொழி. சொல்லால் ஆன வினாக்களில், வீட்டில் அம்மொழி பேசாத குழந்தை தோற்பது இயல்பு. வெக்ஸ்லர் சொல் வினாக்களோடு கைவேலை வினாக்களையும் சேர்த்தது இக்குறை நோக்கியே. இங்கிலாந்தில் ஜான் ரேவன் 1938-ம் ஆண்டு வெளியிட்ட சோதனையில் சொல்லே இல்லை. விடுபட்ட கோலத்தை நிரப்புவதே வேலை. 1947-ம் ஆண்டு சிறுவர்க்கென வண்ணப் பதிப்பும் வந்தது. மூன்றாவது, உச்சி. வினாக்கள் விரைவில் தீர்ந்துபோனால் மிக்க அறிவுடைய பிள்ளையின் எல்லை தெரியாது. நான்காவது, காலம். மக்களின் மார்க்குத் தலைமுறைதோறும் ஏறிவருவதை ஜேம்ஸ் பிளின் 1984-ம் ஆண்டு எடுத்துக்காட்டினார். ஆகவே பழஞ் சோதனை பொய்யான பெருமையைத் தரும். ஐந்தாவது, பயின்றவர் ஒருவர் குழந்தையுடன் தனித்தமர்ந்து நடத்துவதே சிறந்தது. அதுவும் பிள்ளை பசித்தோ, உறக்கத்திலோ, அஞ்சியோ இருக்கும் வேளையில் எடுத்த மார்க்கு மார்க்காகாது. இளங்குழந்தையின் ஈவு பின்னர் ஏறவும் இறங்கவும் கூடும்.

சிங்கப்பூரில் 1984-ம் ஆண்டு, தேர்வு வைத்து மேதைச் சிறுவரைப் பிரித்துப் போதிக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. நாற்பதாண்டு கழித்து, 2024-ம் ஆண்டு, அத்திட்டத்தை அவ்வடிவில் நிறுத்தி, ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் திறமைமிக்க பிள்ளைகளை வளர்க்கப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. திறமை சில பள்ளிகளில் மட்டும் இருப்பதன்று என்னும் உண்மை இதனால் விளங்கும்.

தோட்டப் பாடசாலையில் பயிலும் தமிழ்ப் பிள்ளையை ஆங்கில வினாவால் அளந்து, மந்தன் என ஒதுக்குவது அநீதி. பட்டணத்துப் பிள்ளையை ஓர் எண்ணின் பேரால் தலையில் தூக்கிவைத்து ஆடுவதும் அநீதியே. பால்மரம் வெட்டுவோன் மகனாயினும், கடைக்காரர் மகளாயினும், கேள்வி கேட்கும் குழந்தைக்கு விடை கூறுங்கள். நூல் வாங்கிக் கொடுங்கள். பின்னர் வேண்டுமாயின் அளவுகோலை நாடுங்கள். கோல் அளக்குமேயன்றி வளர்க்காது. வளர்ப்பவர் நாமே.