அங்கீகாரத்தின் விலை: 1958-ஆம் ஆண்டுக் கருத்துரையும் அதன் தொடர்ச்சியும்

தனியார் பள்ளிக்கு அரசு வழங்கும் அங்கீகாரம் உரிமையா, சலுகையா என்னும் வினா இந்திய நீதிமன்றங்களின் முன் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்து வந்துள்ளது. இவ்வினா கூர்மை பெற்ற இடம், கேரளக் கல்வி மசோதா குறித்து 1958 மே 22-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய கருத்துரை எனலாம்.

ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் கல்வியமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி 1957-இல் கொணர்ந்த அம்மசோதா, தனியார் பள்ளிகளின் ஆசிரியர் நியமனம், ஊதியம், நிர்வாகம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த முற்பட்டது. கிறித்தவத் திருச்சபைகள் அதனைக் கடுமையாக எதிர்த்தன. சட்டமன்றம் நிறைவேற்றிய பின்னர், குடியரசுத் தலைவர் அரசியலமைப்பின் 143-ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தை வேண்டினார்.

நம் நோக்கிற்கு முதன்மையானது மசோதாவின் 20-ஆம் பிரிவாகும். தொடக்க வகுப்புகளில் கட்டணம் பெறலாகாது என்னும் அவ்விதி, அரசு உதவியின்றி அங்கீகாரம் மட்டுமே பெற்ற பள்ளிகளையும் கட்டுப்படுத்தியது. அவை இழக்கும் வருவாய்க்கு ஈடு எதுவுமில்லை. அங்கீகாரம் பெறுவது அடிப்படை உரிமையன்று எனத் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் ஒப்புக்கொண்டார். ஆயினும் அங்கீகாரமற்ற பள்ளியில் பயின்றோர்க்கு உயர்கல்வியும் அரசுப் பணியும் எட்டா. ஆதலின், நிர்வாக உரிமையைக் கைவிட்டால்தான் அங்கீகாரம் என்பது, சிறுபான்மையினர்க்கு 30(1)-ஆம் உறுப்பு அளித்த உரிமையைப் பறிப்பதேயாகும் என அவர் முடிவு செய்தார்.

நீதிபதி டி. எல். வெங்கடராம அய்யர் இதனின்று மாறுபட்டார். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் புலமை மிக்கவராக இசையுலகம் அறிந்த அவர், பள்ளி நடத்தும் உரிமையிலிருந்து அங்கீகரிக்க வேண்டிய கடமை அரசுக்குப் பிறப்பதில்லை என்றார். அய்யர் சட்டத்தின் சொல்லை நோக்கினார். தாஸ் மாணவன் அடுத்து நுழைய வேண்டிய வாயிலை நோக்கினார் என நாம் கருதுகிறோம்.

2002-இல் டி. எம். ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, உதவி பெறாத நிறுவனங்களின் தன்னாட்சியை வலியுறுத்திய போதும், அங்கீகாரத்திற்கு நியாயமான நிபந்தனைகள் விதிக்கலாம் என ஏற்றது.

பெருமாற்றம் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தால் நேர்ந்தது. 1958-இல் நீதிமன்றம் கருதிய அங்கீகாரமற்ற பள்ளி, பயன் குறைந்ததாயினும் இயங்கக் கூடியது. புதிய சட்டத்தின் 18-ஆம் பிரிவோ, அங்கீகாரச் சான்றின்றிப் பள்ளி நடத்துவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாயும் விதிக்கிறது. வாயிலாக இருந்த அங்கீகாரம் இருப்புக்கான உரிமமாயிற்று. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என அரசியலமைப்பு அமர்வு 2014-இல் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை ஐயுற்று, அதனைப் பெரிய அமர்வு ஆராய வேண்டுமெனத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது.

இங்கு ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். அங்கீகாரம் திரும்பப் பெறப்படும் பள்ளியின் மாணவர்களை அருகிலுள்ள எப்பள்ளியில் சேர்ப்பது என ஆணையிலேயே குறிப்பிட வேண்டும் என்கிறது அதே 18-ஆம் பிரிவு. அங்கீகாரமே பெறாது நடந்த பள்ளியின் மாணவர்க்கு அத்தகைய ஏற்பாடு அப்பிரிவில் இல்லை. நிர்வாகிகளுக்கும் அரசுக்கும் இடையிலான வழக்காகவே இவ்வரலாறு பெரிதும் எழுதப்பட்டுள்ளது. வழக்கில் தரப்பாக இல்லாத மாணவனைப் பற்றித் தாஸ் 1958-இல் எண்ணிப் பார்த்தார். அவ்வெண்ணத்தை இச்சட்டம் பாதி வழியில் நிறுத்திவிட்டது என்பதே நம் துணிபு.