மிடறு இழந்தார் மொழி

மாணவ நண்பர்களே, தொல்காப்பியத்தின் பிறப்பியலை நீங்கள் கற்றிருப்பீர்கள். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் முயற்சியால் எழுத்தொலியாகப் பிறக்கிறது என்பது ஆசிரியர் கருத்து. இவற்றுள் மிடற்றை மட்டும் நோய் கவர்ந்துகொண்டால் பேச்சு என்னவாகும்?

இவ்வினாவை நான் திண்டிவனத்தில் ஒரு நண்பர் இல்லத்தில் எதிர்கொண்டேன். அவர் விழுப்புரத்தில் என்னோடு பணியாற்றிய தமிழாசிரியர். புற்றுநோயின் காரணமாக அவருடைய குரல்வளையை அகற்றியிருந்தனர். கழுத்தில் ஒரு சிறு மின்கருவியை அழுத்தி, "வாருங்கள் ஐயா, சாப்பிட்டீர்களா?" என்றார். வண்டின் முரற்சிபோல் ஏற்ற இறக்கமின்றி அவ்வொலி எழுந்தது. எனினும், வினா வினாவாகவே விளங்கிற்று. இங்கு வினாவைச் சுமந்தது சுருதியன்று. சொல்லின் ஈற்றில் நின்ற ஆகாரமே.

எல்லா மொழியினருக்கும் இவ்வாய்ப்பு இல்லை. சீன மொழியில் 'மா' என்னும் ஓரசை, சுருதி மாறுந்தோறும் தாய், சணல், குதிரை, வைதல் எனப் பொருள் மாறும். தமிழிலும் 'மா' என்பது மரத்தையும் குதிரையையும் பெருமையையும் குறிக்கும். ஆயின், நாம் இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். சீனருக்குச் சுருதி சொல்லின் உறுப்பு. ஒரே சுருதியில் முரலும் கருவியால் அவர்தம் சொல்லே மயங்கிவிடும்.

இக்கருவிகளின் வரலாறு மூச்சிலிருந்தே தொடங்கியது. 1873 டிசம்பர் 31ஆம் நாள் வியன்னாவில் பில்ரோத் என்னும் மருத்துவர், புற்றுநோயுற்ற குரல்வளையை முழுவதும் அகற்றினார். அந்நோயாளிக்காக அவருடைய உதவியாளர் குசன்பவர் ஒரு செயற்கைக் குரல்வளை அமைத்தார். ஆர்மோனியத்தில் உள்ளது போன்ற ஓர் உலோக நாக்கு, மூச்சு உந்த அதிர்ந்து ஒலித்தது. 1920களில் அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தாரும், கழுத்துத் துளையிலிருந்து வாய்க்கு மூச்சைக் கொண்டுசெல்லும் குழற்கருவியைச் செய்தனர். 1960இல் அவர்களே டிரான்சிஸ்டர் மின்கருவியை வெளியிட்டனர். அது கைக்கு அடக்கமானது. ஆனால், மூச்சின் ஆட்சி அதில் இல்லை.

மூச்சுக் கருவியிலோ, மூச்சை மிகுத்தால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஆறு சுருதிகள் வழங்கும் காண்டனீய மொழியாரிடம் நிகழ்த்திய ஆய்வுகளில், மின்கருவியைவிட மூச்சுக் கருவியே சுருதிகளை நன்கு வேறுபடுத்தியது. புதியது யாவும் பழையதை வென்றுவிடுவதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

1980இல் சிங்கர், பிளாம் என்னும் அமெரிக்கர் இருவர், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே பொருத்தும் சிறு வால்வை அறிமுகப்படுத்தினர். மூச்சு மீண்டும் குரலுக்கு உரியதாயிற்று. எனினும், இறக்குமதியான வால்வின் விலை பல ஆயிரம் ரூபாய். அதனை அவ்வப்போது மாற்றவும் வேண்டும். இவ்விடரைக் கண்ட பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ், 2015ஆம் ஆண்டையொட்டி, ஏறத்தாழ 50 ரூபாய் விலையில் 'ஓம்' என்னும் கருவியை உருவாக்கினார்.

என் நண்பர் கூறிய ஒன்றை உங்களிடம் சொல்லவேண்டும். "தொலைபேசியில் பேசினால், இயந்திரம் என்றெண்ணி வைத்துவிடுகிறார்கள், கடைத்தெருவில் சிறுவர்கள் என்னைப்போல் பேசிக்காட்டிச் சிரிக்கிறார்கள். என் சொல் குறைவின்றி இருக்கிறது, ஐயா, கேட்பவர்தாம் குறைவு" என்றார். முப்பதாண்டுக் காலம் மாணவரை உரக்கப் பாடவைத்தவர் அவர்.

கருவி ஒலியைத் தரும். அதனைப் பேச்சாக்குவது கேட்போரின் பொறுமை. அதை மட்டும் எந்த ஆய்வுக்கூடமும் செய்து தராது, நீங்களே தரவேண்டும்.